எடோ நகரத்துச் சந்துகளில் தொட்டிச் செடிகள்

டோக்கியோவின் பழைய வடிவமான எடோ, 1603இல் தொக்குகாவா ஆட்சியின் தலைமையிடமாகி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் வாழும் பெருநகரமாக வளர்ந்தபோதும், அதன் நிலம் தலைக்கணக்கில் பங்கிடப்படவில்லை. மூன்றில் இரண்டு பங்கு சாமுராய் எனப்படும் போர்க்குடியினருக்கும், எஞ்சியதில் ஏறக்குறையப் பாதி கோயில்களுக்கும் போக, மக்களில் பாதிப்பேரான வணிகரும் கைவினைஞரும் கூலியாட்களும் ஆறில் ஒரு பங்குக்குள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட ‘நகாயா’ குடியிருப்புகளில், ஒரு குடும்பத்துக்குரிய இடம் பல வேளைகளில் 2.7 மீட்டர் அகலமும் 3.6 மீட்டர் நீளமுமே இருந்தது. எடோவின் தொட்டித் தோட்டங்களுக்கு ஜப்பானியரின் இயற்கை நாட்டமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது; ஆனால் முற்றமும் கொல்லையும் இல்லாதவர்கள் வாசற்படியோரத்தில் செடி வைத்ததை இந்த நிலக்கணக்கே இன்னும் நன்றாக விளக்குகிறது.

பிரபுக்களின் தோட்டங்களைப் பேணிவந்த சோமேய் போன்ற புறநகர் ஊர்களின் தோட்டக்காரர்கள் செடிகளை விற்பனைக்கும் வளர்த்தனர்; காவுதடியில் செடிகளைச் சுமந்த வியாபாரிகள் சந்து சந்தாக விற்றுச் சென்றனர். தொடக்கத்தில் வீட்டுக் கலங்களின் அடியில் துளையிட்டே செடி நட்டனர். செடிக்கென்றே வனையப்பட்ட தொட்டிகள் பரவலானது பிற்பாடுதான்.

இவ்வழக்கத்தின் உச்சம் ‘அசகாவோ’. காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடும் புனல்வடிவப் பூக்களைக் கொண்ட இக்கொடி, பேதி மருந்துக்கான விதைக்காகச் சீனாவிலிருந்து முன்பே வந்திருந்தது. 1806ஆம் ஆண்டின் பெருந்தீக்குப்பின் ஷிதாயா பகுதியில் வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் தோட்டக்காரர்கள் இதைப் பயிரிட்டதிலிருந்து மோகம் தொடங்கியதாகக் கூறுவர். விலைவாசி ஏறினாலும் தங்கள் அரிசிப்படி ஏறாத கீழ்நிலைச் சாமுராய்களும் இதைப் பக்கத்தொழிலாகக் கொண்டனர்.

இதழ்கள் கிழிந்தும் சுருண்டும், பூவென்றே அடையாளம் தெரியாதபடியும் தோன்றிய விந்தை வகைகளே பெரிதும் விரும்பப்பட்டன. அவற்றுள் மிக விசித்திரமானவை விதை தருவதில்லை. ஆகவே வளர்ப்போர், அதே விதைத்தொகுதியில் முளைத்த, சாதாரணமாகத் தோன்றும் உடன்பிறப்புச் செடிகளின் விதைகளைக் காத்து, அவற்றிலிருந்து அவ்விந்தையை மறுபடி வரவழைத்தனர். மெண்டல் தம் பரம்பரை விதிகளை 1866இல் வெளியிடுவதற்கு முன்பே, ஒடுங்கிய பண்பு தலைமுறை தாண்டி வெளிப்படும் என்பதை இவர்கள் கைப்பழக்கமாக அறிந்திருந்தனர் என்பது சிறிய செய்தியன்று. இம்மாறுபாடுகளில் பலவற்றுக்கு, மரபணுத்தொகுதிக்குள் இடம்பெயரும் கூறுகளே காரணம் எனப் பின்னாளில் கண்டறியப்பட்டது.

தொக்குகாவா ஆட்சிக்குப் பின்வந்த மெய்ஜி காலத்தில் டோக்கியோவின் இரியா பகுதி இக்கொடிக்குப் பெயர்பெற்றாலும், நகரம் விரிந்து வயல்களை விழுங்க, தோட்டக்காரர்கள் வெளியேறினர். அங்கு நின்றுபோன அசகாவோ சந்தை 1948இல் மீண்டும் தொடங்கி, ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 8 வரை கூடுகிறது. எனினும் அங்கே விலைபோவன பெரும்பாலும் வட்டப்பூ வகைகளே. பழைய விந்தை வகைகளின் விதைவழிகளைக் கியூஷூ பல்கலைக்கழகம் பேணிவருகிறது.