அரங்கேறாத ராமாயணம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி, காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் போகிறவர்கள் ரங்கநாதரைச் சேவிக்கிறார்கள், தாயாரையும் சேவிக்கிறார்கள். தாயார் சந்நிதிக்கு அருகே இருக்கும் கல் மண்டபத்தில் நின்று பார்ப்பவர்கள் சிலரே. கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றிய இடம் அது என்பது ஐதீகம்.

அரங்கேற்றம் என்றால் இன்று மாலையும் பொன்னாடையுமே நினைவுக்கு வருகின்றன. அன்று அது ஒரு பரீட்சை. வால்மீகியில் இல்லாத இரணியன் கதையை ராமகதையில் எப்படிச் சேர்க்கலாம் என்று ஸ்ரீரங்கத்து வித்வான்கள் ஆட்சேபித்தார்களாம். கம்பர் அந்தப் படலத்தைப் பாட, எதிரே கோயில் கொண்டிருந்த மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆமோதித்தாராம். நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ராமனை நேசித்த சபைதான் ராமகதையைக் குறுக்கு விசாரணை செய்தது!

இனி 1987-க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் 25-ல் ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. சரியாக இரண்டு மாதங்களுக்கு முன், ஜனவரி 25 ஞாயிறு காலை, ராமானந்த சாகரின் ராமாயணம் தூர்தர்ஷனில் தொடங்கியிருந்தது. 1988 ஜூலை 31 வரை 78 பகுதிகள். அந்த நேரத்தில் நாட்டில் எத்தனையோ ஊர்களில் வீதிகள் வெறிச்சோடின. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டவர்களும் உண்டு. பேசியது இந்தி, ஆனாலும் கதை தெரிந்தவர்களுக்குப் படமே போதுமாயிருந்தது.

மாலை போட்ட பெட்டியிடம் கேள்வி கேட்பது எப்படி?

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சீதையைத் தனியே விட்டுச் செல்லும் லட்சுமணன் தரையில் கோடு கிழிக்கிறான். வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் அந்தக் கோடு கிடையாது; கம்பரிலும் கிடையாது. பிற்கால வழக்கில் வந்து சேர்ந்தது அது. வால்மீகியின் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். அதைப் பாட மனம் பொறாத கம்பர், பர்ணசாலையையே நிலத்தோடு பெயர்த்தெடுக்கச் செய்தார். ஆகவே, மாற்றியது தவறு என்று சொல்வதற்கில்லை. மாற்றாத கவி யார்? பழி யார் தலையில் போய் விழுகிறது என்பதே கேள்வி. கம்பரில் வேலியோடு பெயர்த்தவன் ராவணன். கோடு வந்த பிறகோ, வேலியைத் தாண்டியவள் சீதை!

பல ராமாயணங்கள் வழங்கும் நாட்டில் அரசாங்கத் தொலைக்காட்சி ஒன்றையே வீடுதோறும் காட்டினால் மற்றவை மங்கிப்போகாதா என்று 1989-ல் சரித்திர ஆசிரியை ரொமிலா தாப்பர் கவலைப்பட்டார். இத்தனைக்கும், தொடரின் முகப்பில் ஆதார நூல்களுள் ஒன்றாகக் கம்பராமாயணத்தின் பெயரும் காட்டப்பட்டது. பெயரைப் பார்த்தவர்கள் கம்பரைப் பார்த்ததாகவே எண்ணியிருக்கலாம்.

2020-ல் ஊரடங்கினால் வீதிகள் மறுபடி வெறிச்சோடியபோது, மார்ச் 28 முதல் அதே தொடர் மறுபடி ஒளிபரப்பாயிற்று. குழந்தைகளாய்ப் பார்த்தவர்கள், தம் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

பிடித்ததைப் பார்க்க வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? கண்ணீர் வந்தால் தாராளமாக வடியட்டும். ஆனால் தொலைக்காட்சித் தொடருக்கு அரங்கேற்ற மண்டபம் இல்லை. அது நேரே கூடத்துக்கு வந்துவிடுகிறது. எனவே கூடமே சபையாக வேண்டும். இதைச் சேர்த்தது யார், எதற்காக, இதனால் யாருக்குப் பழி என்று வீட்டுக்கு ஒருவராவது கேட்கட்டும். அன்று வித்வான்கள் வாய் திறவாமல் இருந்திருந்தால், சிங்கப்பெருமாள் தலையசைக்கவே அவசியம் இருந்திராதே!