மொன்றியல் வங்கியின் பழைய வழக்கும் கொழும்பின் கடனும்

தனியார் வங்கி வெளிநாட்டு அரசொன்றுக்குக் கடன் கொடுப்பது வெறும் வியாபாரம், பிற அரசுகளுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு இவ்வூர் வழக்கொன்றைச் சொல்வேன். புரோசார்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் பழைய சென் ஜேம்ஸ் வீதி. றோயல் வங்கியின் தலைமையகம் அப்போது அங்கேதான் இருந்தது.

1917 ஜனவரியில் கொஸ்ரா ரிக்காவில் ரினோக்கோ சதிமூலம் ஆட்சியைப் பிடித்தார். 1919 ஓகஸ்ற்றில் நாட்டைவிட்டு ஓடினார். ஓடுமுன் அரசின் பெயரில் றோயல் வங்கியிடம் பெற்ற பணத்தில் ஒரு இலட்சம் டொலர் அவரது வெளிநாட்டுப் பயணத்துக்கு. இன்னொரு இலட்சம், இத்தாலிக்குத் தூதுவராக நியமிக்கப்பட்ட தம்பியாருக்கு, நான்கு ஆண்டுச் சம்பளமும் செலவுமாம். (தம்பியார் போய்ச் சேரவில்லை, அதற்குமுன் கொல்லப்பட்டார்.) பின்னர் வந்த புதிய அரசு சட்டமியற்றி இவற்றைச் செல்லாதவையாக்கியது. வங்கிக்காக வாதாட வந்தது பிரித்தானிய அரசு. ரினோக்கோ ஆட்சியை ஒருநாளும் அங்கீகரிக்காத அதே அரசு!

1923 ஒக்ரோபரில் நடுவராயிருந்த அமெரிக்கப் பிரதம நீதியரசர் ராஃப்ற் தீர்ப்பளித்தார். அங்கீகாரம் கிடைக்காதபோதும் ரினோக்கோவினது நடைமுறையில் இயங்கிய அரசுதான். ஆனால் பணம் அரசின் நியாயமான தேவைக்குப் போனதென வங்கி நிரூபிக்கவில்லை. அது எங்கே போகிறதென்று வங்கிக்குத் தெரிந்திருந்தது. எனவே கொஸ்ரா ரிக்கா அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை.

இனிக் கொழும்பு. 2007இல், யுத்தம் உச்சம்நோக்கிப் போகையில், இலங்கை முதல்தடவையாகச் சர்வதேசப் பிணைமுறி விற்று 50 கோடி டொலர் பெற்றது; வட்டி 8.25 வீதம். விற்றுக்கொடுத்தவை பார்க்ளேஸ், எச்.எஸ்.பி.சி, ஜே.பி. மோர்கன். எதிர்க்கட்சித் தலைவர் ரணில், தமது ஆட்சி இதைத் திருப்பிச் செலுத்தக் கடமைப்படாது என்று இவ்வங்கிகளை எச்சரித்தார். 2022இல் ஜனாதிபதியாகி, கடன்காரருடன் பேச்சு நடத்தியவரும் அவரே.

அந்த யுத்தகாலக் கடனை இன்று மறுக்கலாமே என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. அது 2012இல் தீர்ந்துவிட்டது. தீர்வதற்கு மூன்று மாதம் முன்பு, 5.875 வீதத்தில் 100 கோடி டொலர் புதிதாகப் பெறப்பட்டிருந்தது. பழையது புதியதற்குள் கரைந்ததென்றே கணிக்கிறேன். ராஃப்ற் கேட்ட கேள்வியை எந்தக் கடனிடம் கேட்பது?

இந்த 2012 முறியில் 25 கோடிக்கு மேல் வைத்திருந்த ஹமில்டன் றிசேர்வ் வங்கிதான் 2022 ஜூனில் நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. 2023இல் வழக்கை இடைநிறுத்தும்படி இலங்கை கேட்டபோது பிரித்தானிய, பிரெஞ்சு அரசுகள் நீதிமன்றத்தில் இலங்கையின் பக்கம் எழுதின. கொழும்பின்மேல் இரக்கமென்று நான் நினைக்கவில்லை. தாங்களும் கடன்காரர்; ஒரு வங்கி முழுத்தொகையையும் பிடுங்கிக்கொண்டால் மற்றவர் பங்கு குறையும். 1923இல் வங்கிக்காக நின்ற இலண்டன், நூறாண்டின்பின் வங்கிக்கெதிராக நின்றது.