தீவுப் பொருளாதாரத்தில் தொழில்முனைவு: பாம்பூஃப்ளாட் முன்னுள்ள வாய்ப்புகளும் தடைகளும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முந்தைய போர்ட் பிளேர்) எதிர்க்கரையில் அமைந்துள்ள சிற்றூர் பாம்பூஃப்ளாட். சாத்தம் தீவின் படகுத் துறையிலிருந்து வாகனப் படகில் சிறிது நேரத்தில் இவ்வூரை அடையலாம். சாலை வழியாகச் செல்வதென்றால் நீண்ட தொலைவு சுற்ற வேண்டும். தீவுகளில் புதிய தொழில்களை வளர்க்க அறிவிக்கப்பட்ட திட்டங்கள் எந்த அளவுக்குப் பயன் தரும் என்பதற்கு இத்தகைய ஊர்களே உரைகல்லாக உள்ளன.

மரத்தை நம்பிய காலம்

தீவுகளின் தொழில் வரலாறு மரத்திலிருந்து தொடங்குகிறது. 1883-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலை ஆசியாவின் பழமையான ஆலைகளுள் ஒன்று. பாம்பூஃப்ளாட்டிலும் ஒட்டுப்பலகை ஆலை இயங்கியது. மூலப்பொருள் உள்ளூரிலேயே கிடைத்ததால் இத்தொழில் வளர்ந்தது.

ஆனால் காடழிப்பு குறித்த வழக்கில், ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டு மே மாதம் பிறப்பித்த உத்தரவு, மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. காடுகள் காக்கப்பட்டன, மரம் சார்ந்த ஆலைகள் நலிவடைந்தன. அவற்றின் இடத்தை எந்தத் தொழில் நிரப்பும் என்ற கேள்வி அன்று முதல் நீடிக்கிறது.

மூன்று தடைகள்

முதலாவது சரக்குக் கட்டணம். சென்னையிலிருந்து தீவுகளின் தலைநகருக்குக் கடல்வழித் தொலைவு சுமார் 1,190 கிலோமீட்டர். மூலப்பொருளைப் பெருநிலப்பகுதியிலிருந்து கொண்டுவந்து, உற்பத்திப் பொருளை அங்கேயே விற்க நினைக்கும் தொழிலதிபர் இருமுறை கப்பல் கட்டணம் செலுத்த நேர்கிறது.

இரண்டாவது நிலம். தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இதில் ஏறத்தாழ 87 சதவீதம் வனமாக வரையறுக்கப்பட்டுள்ளது. எஞ்சிய பகுதியிலேயே குடியிருப்பு, வேளாண்மை, தொழில் ஆகிய அனைத்தும் அமைய வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். தீவுகளுக்கும் தேசிய மின்தொகுப்புக்கும் இணைப்பு இல்லை. கப்பலில் வரும் டீசலே நீண்ட காலமாக மின் உற்பத்திக்கு ஆதாரமாக இருந்து வருகிறது. பாம்பூஃப்ளாட்டில் 20 மெகாவாட் திறன் கொண்ட டீசல் மின் நிலையம் 2003-ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்தது. பின்னர் நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட என்எல்சி இந்தியா நிறுவனம், தெற்கு அந்தமானில் மின்கல சேமிப்பு வசதியுடன் 20 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை அமைத்தது.

அரசின் ஊக்குவிப்பு

இத்தடைகளை ஈடுகட்ட மத்திய அரசு, லட்சத்தீவு மற்றும் அந்தமான் நிக்கோபார் தீவுகள் தொழில் வளர்ச்சித் திட்டத்தை 2018 ஏப்ரல் 1 முதல் 2020 மார்ச் 31 வரையிலான காலத்துக்கு அறிவித்தது. தகுதியுள்ள நிறுவனங்களுக்கு இயந்திர முதலீட்டில் 30 சதவீதம், அதிகபட்சம் ரூ.5 கோடி வரை மானியம், நடைமுறை மூலதனக் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை ஆகியன இதில் இடம்பெற்றன.

அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், தீவுகளின் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகத்துடன் இணைந்த தொழில் வளர்ப்பகமும் செயல்பட்டு வருகிறது. 2020 செப்டம்பரில் வெளியான மாநிலங்களின் ஸ்டார்ட்அப் தரவரிசையில், சிறிய மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்கள் பிரிவில் அந்தமான் நிக்கோபார் சிறந்த செயல்பாட்டுக்கான இடத்தைப் பெற்றது. எனினும் கொள்கை, விதித் தளர்வு, வளர்ப்பக வசதி போன்ற அரசு நடவடிக்கைகளே இத்தரவரிசையின் அளவுகோல். தொடங்கிய நிறுவனங்கள் நிலைத்து நின்றனவா என்பதை அது நேரடியாகக் காட்டுவதில்லை.

கடலடிக் கம்பிவடம் தந்த திருப்பம்

சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார். இதன் மதிப்பீடு ரூ.1,224 கோடி. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே பெரிதும் நம்பியிருந்தன. மென்பொருள், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, இணையவழிக் கல்வி போன்ற பணிகளுக்குக் கப்பல் கட்டணம் கிடையாது என்பதே இதன் சிறப்பு.

எத்தொழில்களுக்கு வாய்ப்பு?

எடை குறைந்த, விலை மிகுந்த பொருள்களே கடல் கடந்து இலாபம் தரக்கூடியவை. தீவுகளைச் சூழ்ந்த பிரத்யேகப் பொருளாதார மண்டலம் சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர். இங்கு ஏறத்தாழ 60,000 டன் சூரை மீன் வளம் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்தக் குளிர்பதனக் கிடங்கும் விரைவான விமானச் சரக்கு வசதியும் தேவை. தேங்காய் எண்ணெய், மசாலாப் பொருள்கள் போன்ற உள்ளூர் விளைபொருள்களைப் பதப்படுத்துவதும் இவ்வகையில் அடங்கும்.

சுற்றுலாவில் வாடிக்கையாளரே தீவைத் தேடி வருகிறார். 2023 ஜூலையில் திறக்கப்பட்ட விமான நிலையப் புதிய முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் கொண்டது. மவுண்ட் ஹாரியட் (தற்போது மவுண்ட் மணிப்பூர்) தேசியப் பூங்காவுக்குப் படகில் செல்வோர் பாம்பூஃப்ளாட் வழியாகவே செல்கின்றனர். உணவகம், தங்குமில்லம், வாகனச் சேவை ஆகியவற்றுக்கு இது உள்ளூர்ச் சந்தை.

கடன் வசதி

சிறு தொழில் தொடங்குவோர் பிரதமரின் முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் பெறலாம். சிசு பிரிவில் ரூ.50,000 வரையும், கிஷோர் பிரிவில் ரூ.5 லட்சம் வரையும், தருண் பிரிவில் ரூ.10 லட்சம் வரையும் வழங்கப்படுகிறது. தருண் பிரிவில் கடன் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியோருக்கான உச்சவரம்பு 2024 அக்டோபரில் ரூ.20 லட்சமாக உயர்த்தப்பட்டது.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம், இவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இத்தகைய சிறிய சந்தையில் கடன் கிடைப்பது தொடக்கம் மட்டுமே. சரக்குக் கட்டணம், நிலம், மின்சாரம் ஆகிய மூன்றையும் கணக்கில் கொண்டு தேர்ந்தெடுக்கப்படும் தொழிலே, மானியக் காலம் முடிந்த பின்னரும் பாம்பூஃப்ளாட் போன்ற ஊர்களில் நிலைத்து நிற்க முடியும்.