ஊவாவின் சரிவுநிலங்களும் மரமும் மண்ணும்

ஊவாவின் மலைச்சரிவுகள் ஏறக்குறைய 150 ஆண்டுக் காலத்துள் காட்டிலிருந்து கோப்பிக்கும், கோப்பியிலிருந்து தேயிலைக்கும், தேயிலையிற் சில பகுதி மீண்டும் மரத்துக்குமாக மாறின. வரலாற்று நூல்கள் நிலத்தின் உடைமையையும் விளைபொருளின் விலையையும் விரித்துரைக்கும். மண்ணைப் பற்றி அவை பேசுதல் அரிது. மரம் மீண்டதனால் மண்ணின் ஊட்டமும் மீண்டதா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

வெப்பநாட்டு மலைக்காட்டில் ஊட்டப்பொருள்களிற் பெரும்பங்கு உயிர்மரத்திலும் உதிர்ந்த சருகிலும் மேன்மண்ணின் உக்கலிலுமே தங்கும். சருகு உக்க, வேர்கள் அதனை மீள உறிஞ்சும். கோப்பிக்காகக் காட்டை வெட்டி எரித்தபோது இச்சுற்று அறுந்தது. சாம்பலிலிருந்த பொற்றாசியமும் கல்சியமும் முதற் சில ஆண்டுகள் செடியைச் செழிக்கச் செய்தன. நைதரசனிற் பெரும்பகுதி புகையோடு போயிற்று. இலங்கையிற் கோப்பியிலைத் துருநோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதற் காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமையிலேயாம். இருபதாண்டளவிற் கோப்பித் தொழில் வீழ்ந்தது. பழி முழுவதும் பங்கசின் தலையில் விழுந்தமையால், கழுவுண்டு போன மேன்மண்ணுக்குக் கணக்குக் கேட்பார் இலராயினர்.

1873இல் தாவரவியலறிஞர் யோசேப்பு ஹூக்கர் கூறிய அறிவுரையையடுத்து 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தல் தடுக்கப்பட்டது. ஊவாத் தோட்டங்களிற் பல அவ்வெல்லைக்குக் கீழே கிடந்தன.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பெற்றபின்னும் களையின்றி நிலத்தைத் துடைத்து வைத்தலே நல்ல தோட்டத்துக்கு இலக்கணமெனப்பட்டது. தொழிலாளர் கையிற் கொடுக்கப்பட்ட சுரண்டி புல்லோடு மேன்மண்ணையும் கிளறிற்று; வடகீழ்ப் பருவமழை அதனை ஓயாக்களிற் சேர்த்தது. சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் ஓரளவே தடுத்தன. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண்பாதுகாப்புச் சட்டமோ 1951இலேதான் வந்தது. இடையிற் சென்ற இருபதாண்டு மழையை எச்சட்டமும் மீட்கவல்லதன்று.

பின்னர், சிறப்பாக 1970களிலும் 1980களிலும், பத்தனைப் புல்நிலங்களிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் கரீபியன் பைன் நடப்பட்டது. வறண்ட மண்ணிலும் அது வேரூன்றும். வெறுஞ்சரிவை விரைவில் மூடும். இந்நன்மையை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் அதன் ஊசியிலையிற் காபன் மிகுதி, நைதரசன் குறைவு; ஆதலால் மெல்லவே உக்கும். சூன் முதல் செத்தெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்றில் அச்சருகு எளிதில் தீப்பற்றும். தீயின்பின் வெறுமையான சரிவின்மீது ஐப்பசி மழை பொழியும். கோப்பிக்காலத்து நெருப்பின் வேலையை மரக்காட்டின் நெருப்பும் செய்கின்றது.

சீனத்தில் 1999இல் தொடங்கிய திட்டத்தில், செங்குத்தான சரிவுகளில் உழுதோர் அந்நிலத்தை மரத்துக்கு விட்டனர். அரசு அவர்க்குத் தானியமும் பணமும் ஈந்தது. அங்கு நடந்த ஆய்வுகள், மரம் நட்டபின் மேன்மண்ணிற் காபனும் நைதரசனும் ஆண்டுதோறும் மெல்லப் பெருகுவதைக் காட்டின. பொசுபரசு அவ்வாறு பெருகவில்லை. அது காற்றிலிருந்து வருவதன்று, பாறையிலிருந்து வருவது. போன மண்ணோடு போனதை மரம் புதிதாய்ப் படைக்கமாட்டாது.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் கற்பித்த வழி வேறு. பழந்தேயிலையைப் பிடுங்கியபின் மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஏறக்குறைய இரண்டாண்டு வளர்த்து, வெட்டி, அந்நிலத்திலேயே பரப்பி, அதன்பின்னரே புதுக்கன்று நடுதல் வேண்டும். நைதரசனைச் சேர்க்கும் கிளிரிசீடியா, முருக்கு முதலியவற்றின் தழையும் மண்ணுக்கு ஊட்டமாகும். ஆனால் இரண்டாண்டு கொழுந்தில்லை. செலவு மட்டும் உண்டு. 1992இல் தோட்டங்களைக் குத்தகையேற்ற கம்பனிகளுக்கு யூக்கலிப்டஸ் மரம் இலாபமாய்த் தோன்றியதில் வியப்பில்லை. அம்மரத்தை வெட்டி ஏற்றும்போது பட்டையிலும் கட்டையிலுமுள்ள கல்சியமும் பொற்றாசியமும் உடன் ஏறிச்செல்லும். சருகையும் கிளையையும் பட்டையையும் மலையிலே விட்டுவைப்பின் இழப்புக் குறையும். விறகுக்கு வேறு வழியற்ற லயத்துக் குடும்பங்கள் அவற்றைப் பொறுக்காதிருத்தல் எங்ஙனம்?

சீனத்து உழவனுக்கு நிலத்தின்மேல் உரிமையும் அதனை விட்டதற்கு ஈடும் இருந்தன. ஊவாத் தோட்டத் தொழிலாளிக்கு அவ்விரண்டுமில்லை. தேயிலை மலை மரமலையாகுமிடத்து அவனும் அவன் மனைவியும் இழப்பது நாட்பேர். மரத்துக்கு ஆள் வேண்டுவது நடும்போதும் வெட்டும்போதுமே. இடைப்பட்ட ஆண்டுகளிற் செக்றோலில் அவர்தம் பெயர் ஏறுவதில்லை.