தனித்து நிற்பவர்கள்தான் இயக்கத்துக்கு வருகிறார்களா?

உறவு, ஊர் என்று எந்தப் பிடிப்பும் இல்லாதவர்கள்தான் இயக்கங்களில் போய்ச் சேர்கிறார்கள்னு ஒரு பழைய கருத்து உண்டு. 1959-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் கார்ன்ஹவுசர் ஏறக்குறைய இதையே எழுதினார். ஆனா, 1964-இல் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய மிசிசிப்பிக்குப் போக முன்வந்த மாணவர்களை டக் மெக்காடம் ஆராய்ந்தபோது கதை மாறியது. போனவர்களுக்கும் பின்வாங்கியவர்களுக்கும் கொள்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. போனவர்களுக்குத் தெரிந்தவர்கள் பலர் கூடவே போனார்கள், அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கு வருவோம். அரிமளம் இருக்கிற புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஊர்க் கேலிக்கு நடுவே ஒருத்தி தனியாக சைக்கிள் ஏறுவது லேசில்லை. பக்கத்து வீட்டு அக்கா பின்னால் பிடித்துக்கொண்டால் ஏறலாம். கற்றவர்களே அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதுக்கப்புறம் பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருப்பது குறைந்தது.

ஆக, தனிமை அவர்களை இயக்கத்துக்குக் கொண்டுவரவில்லை. இயக்கம்தான் தனிமையைக் குறைத்தது. அப்போ, யாருமே போய்க் கூப்பிடாத வீட்டுப் பெண்? எந்த இயக்கமும் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.