மாட்டு விலையில் ஒளிந்திருக்கும் சாதி

தோழர்களே, அந்தக் காலத்தில் சந்தையில் மாட்டை எப்படி விற்றார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டுக்காரருக்கே பேசிய விலை முழுதாகத் தெரியாமல் போவதுண்டு.

1980 அக்டோபர் 2 முதல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் விரிந்தது. மானியமும் வங்கிக் கடனுமாகச் சேரிகளுக்குக் கறவை மாடுகள் வந்தன. மேய்ச்சலுக்கு நிலம் வரவில்லை. தீவனத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தவணை நெருக்கியதும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள். அவசரத்துக்கு விற்பவரிடம் வாங்குகிறவர் சொல்வதுதான் விலை.

நெருக்கடி மட்டுமே காரணமல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து, ‘ஊரக இந்தியாவில் தீண்டாமை’ என்ற ஆங்கில நூல் 2006இல் வந்தது. ஏறத்தாழ பாதி ஊர்களில் தலித்துகள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியவில்லை என்கிறது அது.

கறவை மாட்டின் விலை என்பது, அது இனிக் கறக்கப்போகும் பாலின் மதிப்பு. பாலை விற்க வழியில்லாதவர் கையில் மாடு மலிவாகிறது. அதே மாடு ஊர்த்தெருவுக்குப் போனதும் விலை ஏறுகிறது.

ஆகவே விற்கும்போது ஈத்து, பல், கன்று, இருவேளைப் பால் அளவு எல்லாவற்றையும் கணக்கிட்டு, நாமே வாய்விட்டு விலை சொல்வோம். ஆனால் நியாய விலைக்கான போராட்டம் சந்தையில் தொடங்குவதில்லை. பால் சங்கத்தின் வாசலில் தொடங்குகிறது. உங்கள் ஊர்ச் சங்கத்தில் யார் பால் ஊற்றுகிறார்கள் என்று நாளைக் காலையில் போய்ப் பாருங்கள்.