அடுப்பில் கால் வைத்த மோகினி

விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் செருகிச் சமைக்கிறது பேய். கால் எரிகிறது, பேய் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறது. மதுரை சிம்மக்கல்லில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் 'ஜகன்மோகினி' கதையைக் கேட்டால் தடுமாறுவார்கள். இந்த அடுப்பை மட்டும் மறந்திருக்க மாட்டார்கள். 1978-ல் தெலுங்கில் வந்து, தமிழ் பேசி ஊர் ஊராக ஓடிய படம் அது. மோகினியாக ஜெயமாலினி. இயக்கியவர் பி. விட்டலாச்சார்யா.

மந்திரமும் மாயமும் நிறைந்த எதையும் 'விட்டலாச்சார்யா படம் மாதிரி' என்று சொல்வது தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. ஓர் இயக்குநரின் பெயரே ஒரு வகைப் படத்துக்கு அடையாளமாவது லேசான காரியமில்லை. நம் சினிமா வரலாறு எழுதியவர்கள் அவருக்கு அரைப் பக்கம்கூட ஒதுக்காதது பெரிய குறை.

1920-ல் உடுப்பிக்கு அருகே உத்யாவரத்தில் பிறந்தவர். அரசிக்கெரெயில் ஓட்டல் நடத்தினார். பிறகு நண்பர்களோடு சேர்ந்து டூரிங் டாக்கீஸ் தொழிலில் இறங்கினார். தம் கொட்டகையில் ஓடிய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததுதான் அவருடைய சினிமாப் படிப்பு. தரை டிக்கெட்காரர் எந்த இடத்தில் கை தட்டுகிறார், எந்த இடத்தில் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார் என்பதைக் கொட்டகைக்காரரைவிட நன்றாக யார் அறிவார்? டி. சங்கர் சிங்கோடு சேர்ந்து மைசூரில் மகாத்மா பிக்சர்ஸ் தொடங்கினார். 1951-ல் அந்த நிறுவனம் கன்னடத்தில் எடுத்த 'ஜகன்மோகினி' வசூலை அள்ளியது. கால் நூற்றாண்டு கழித்து அதே பெயரையும் மோகினியையும் அவர் மறுபடி கையிலெடுத்தார்.

இடையில் சென்னைக்கு வந்து தெலுங்கில் காலூன்றினார். காந்தாராவும் என்.டி.ராமாராவும் அவருடைய ராஜா ராணிக் கதைகளில் வாள் சுழற்றினார்கள். 'பந்திபோட்டு' (1963), 'அக்கி பிடுகு' (1964) எல்லாம் அந்தக் காலத்தவை. தமிழிலும் ஜெமினி கணேசனை வைத்து 'பெண் குலத்தின் பொன் விளக்கு' (1959) எடுத்தார். அது குடும்பக் கதை. அவர் பெயரைச் சொன்னதும் யாருக்கும் நினைவுக்கு வராது.

சிக்கனம்தான் அவர் பலம். கணினி இல்லாத அந்தக் காலத்தில் தந்திரக் காட்சி என்றால் பெரும்பாலும் கேமராவுக்குள்ளேயே நடக்க வேண்டும். லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து அதே சுருளில் மறுபடி எடுப்பார்கள். கேமரா இம்மி அசைந்தாலும் இரண்டு தடவை எடுத்ததும் வீண். ஆளை மறைய வைக்க, கேமராவை நிறுத்தி, நடிகரை விலக்கிவிட்டு, மற்றவர்கள் நின்ற நிலை மாறாமலிருக்க ஓட்டுவார்கள். கையில் காசு குறைவாக இருப்பவருக்கு இதில் முன்யோசனைதான் மூலதனம். சம்பளத்துக்கோ கால்ஷீட்டுக்கோ முரண்டு பிடித்த நடிகரின் பாத்திரத்தை, சாபம் கொடுத்து ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு மிச்சப் படத்தை முடித்துவிடுவார் என்று திரையுலகில் ஒரு கதை வழங்குகிறது. எவ்வளவு நிஜமோ, அவருடைய திரைக்கதை முறைக்கு அது அச்சாகப் பொருந்துகிறது.

இதே சிக்கன வழியில் அமெரிக்காவில் ரோஜர் கார்மன் 1960-ல் வெளிவந்த 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் சுருட்டினார். பம்பாயில் ராம்சே சகோதரர்கள் பாழடைந்த பங்களாக்களில் பேய்களைக் குடிவைத்தார்கள். விட்டலாச்சார்யாவின் பேய் வேறு ஜாதி. அது சமையற்கட்டுக்குள் வந்தது. அதை எதிர்த்து நின்றது வீட்டுப் பெண்ணின் பக்தி. வைகையைத் தாண்டிய ஊர்களின் டூரிங் கொட்டகைகளில் இருட்டிய பிறகுதான் ஆட்டம். இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வயல் வரப்பில் வீடு திரும்பிய பெண்களுக்கு அந்த அடுப்பு அந்நியமாக இருந்திருக்காது.

1999-ல் அவர் காலமானார். 2009-ல் என்.கே.விஸ்வநாதன் இயக்கத்தில், நமீதா நடிக்க, கணினி வரைகலையோடு 'ஜகன்மோகினி' தமிழில் மறுபடி வந்தது. பழைய மோகினியின் இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை. மூன்று ஆண்டு கழித்து, மதுரைக்காரரான கார்த்திக் சுப்பராஜ் 'பீட்சா'வைத் தாமே எழுதி இயக்கினார். ஒரு பங்களா, ஒரு டார்ச் விளக்கு, அன்று பெரிய நட்சத்திரமாகியிராத விஜய் சேதுபதி. விட்டலாச்சார்யாவைப் போலவே குறைந்த செலவில் எடுத்த அந்தப் பேய்ப் படம் கன்னடத்துக்கும் இந்திக்கும் போனது.